இங்க்கில் மூன்று வருடம்: அத்தைக்கு ஒரு குறி, கணக்குப்பிள்ளைக்கு ஒரு குறி

போன வாரம் தோழி ஒருத்தி கேட்டாள்: "மூணு வருஷமா இங்க்குல எழுதிட்டிருக்கியே, நானும் அதுலயே ஆரம்பிக்கட்டுமா?" பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நாடகம் எழுதிப் போடுகிறவள். ஒரே ஒரு மாற்றத்துக்காகப் பதினோரு ராத்திரி உட்கார்ந்தும் வேலை முடியாத கடுப்பில் இருந்தேன். "வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரே சொல்லாக அனுப்பிவிட்டேன். அவளுக்கு அதைவிட நியாயமான பதில் தர வேண்டும். அதற்காகத்தான் இது.

இங்க் என்றால் என்ன என்று நீட்டப் போவதில்லை. வாசகர் தேர்ந்தெடுத்து நகர்த்தும் கதைகளுக்கான எழுத்து மொழி அது. இங்கிலாந்தின் இங்கிள் நிறுவனம் தன் விளையாட்டுகளுக்காக உருவாக்கி, 2016-ல் எம்.ஐ.டி. உரிமத்தில், அதாவது யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று, எல்லோருக்கும் திறந்துவிட்டது. இங்கி என்ற எடிட்டரில் இடப்பக்கம் எழுதினால் வலப்பக்கம் கதை ஓடும். விளையாட்டு செய்யும் மென்பொருளான யூனிட்டியில் சேர்ப்பது, வலைப்பக்கமாக எடுப்பது எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது. என் கவலை வேறு. ஒரு கதையில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேராக இருக்க வேண்டும். அதற்கு இந்தக் கருவி எவ்வளவு தூரம் கூட வருகிறது?

நான் எழுதுவது ஒரு துக்க வீடு. கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கம் ஒரு கிராமம். தாத்தா தவறிவிட்டார், பீரோ சாவியைக் காணவில்லை. பேரன் ஊரிலிருந்து வருகிறான், ஒவ்வொருவராகக் கேட்கிறான். பெரியப்பா, அத்தை, சித்தி, பழைய கணக்குப்பிள்ளை, சித்தியின் பன்னிரண்டு வயது மகள். வாசகர்தான் பேரன்.

முதல் வருடம் முழுக்க எண்களில் போனது. ஆளுக்குப் பாசம், கோபம், பயம், நம்பிக்கை என்று நாலு மாறிகள் (கதை ஓட ஓட மாறும் மதிப்பைப் பெயர் போட்டு வைக்கும் இடங்கள்), ஐந்து பேருக்கு இருபது. அத்தைக்குக் கோபம் 40, பெரியப்பாவுக்கு 70. வாசகர் ஏதாவது சொன்னால் எண் ஏறும், இறங்கும். எழுதும்போது பெரிய வேலை செய்வது போலவே இருந்தது. அப்புறம் ஒரு நாள் பேச்சு வரிகளை மட்டும் அச்செடுத்து, பெயர்களை மறைத்து, வீட்டுக்காரரிடம் கொடுத்து யார் பேசுவது என்று சொல்லச் சொன்னேன். சின்னப் பெண்ணை மட்டும் கண்டுபிடித்தார். மற்ற நால்வரும் ஒரே ஆள். "பீரோ சாவி எங்கே?" என்றால் நாலு பேரும் "எனக்குத் தெரியாது" என்பதையே நாலு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், கோபம் கூடினவர் கொஞ்சம் சத்தமாக. அன்று ராத்திரி இருபது மாறிகளையும் அழித்தேன்.

பிறகு அதே கேள்விக்கு இப்படி எழுதினேன். பெரியப்பா: "இப்ப அதுதான் முக்கியமா?" அத்தை: "மொதல்ல நீ சாப்பிட்டயா கண்ணு, அதச் சொல்லு." சித்தி: "உங்க பெரியப்பாவக் கேட்டுப் பாரேன்." கணக்குப்பிள்ளை: "பெரியவர் இருந்தவரைக்கும் இடுப்புலதானுங் தம்பி இருந்துச்சு." சின்னப் பெண்: "எதுக்கு?"

ஒருவர்கூடக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. தன் மனதில் ஓடுகிற கேள்விக்குச் சொல்கிறார்கள். இங்கேதான் எனக்கு அவர்கள் பிரிந்தார்கள். இதில் கருவிக்குப் பங்கில்லை, காகிதத்திலும் எழுதியிருக்கலாம். ஆனால் வாசகர் அதே கேள்வியை இரண்டாவது, மூன்றாவது தடவை கேட்பாரே, அப்போது? நாடகத்தில் வராத சிக்கல் இது. இங்க்கை நான் விடாமல் இருப்பதற்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது.

ஒரு வரிக்கு மாற்று வரிகளை அடைப்புக்குள் கோடு போட்டுப் பிரித்து எழுதலாம். எந்தக் குறியும் இல்லாவிட்டால் வரிசையாகச் சொல்லிக் கடைசி வரியில் நின்றுவிடும். & போட்டால் சுற்றிச் சுற்றி வரும். ! போட்டால் ஒவ்வொன்றும் ஒரு தடவை, அதற்குப் பிறகு ஒன்றும் வராது. ~ போட்டால் கலைத்துப் போட்டு ஏதாவது ஒன்று. கையேட்டில் இது அலுப்புத் தட்டாமல் இருக்க ஒரு வசதி போலத்தான் தெரியும். எனக்கு இது நாலு சுபாவம்.

பெரியப்பாவுக்குக் குறி கிடையாது. "இப்ப அதுதான் முக்கியமா?" என்பார், அடுத்து "காரியம் முடியட்டும்" என்பார். அதற்கப்புறம் நூறு தடவை கேட்டாலும் "காரியம் முடியட்டும்"தான். சொன்ன சொல்லில் நிற்கிறவர். அத்தைக்கு &. சாப்பாட்டில் தொடங்குவாள், அப்பாவின் சர்க்கரைக்குப் போவாள், தாத்தாவின் கடைசி நாட்களுக்குப் போவாள், மறுபடி சாப்பாட்டுக்கு வந்து நிற்பாள். துக்கத்தில் இருக்கிறவர்கள் அப்படித்தான் சுற்றுவார்கள், பார்த்திருக்கிறேன். கணக்குப்பிள்ளைக்கு !. அவரிடம் இரண்டே தகவல். இரண்டையும் சொல்லி முடித்தபின் எத்தனை கேட்டாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான். ~ குறியை முதலில் சித்திக்குக் கொடுத்துப் பார்த்தேன், மனநிலை சரியில்லாதவள் போல ஆகிவிட்டாள். அதை எடுத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்குக் கொடுத்தேன். அங்கே சரியாகப் பொருந்தியது, திண்ணைப் பேச்சு அப்படித்தானே காதில் விழும்.

சித்திக்கு வேறு வழி கிடைத்தது. இங்க் கதையின் ஒவ்வொரு பகுதியையும் ஒரு முடிச்சு என்கிறது. வாசகர் எந்த முடிச்சுக்கு எத்தனை தடவை போனார் என்பதை நாம் சொல்லாமலே எண்ணி வைத்துக்கொள்கிறது. சித்தி அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் வாய் திறப்பாள். பெரியப்பாவிடம் போய்விட்டு வந்தால் ஒரு பேச்சு, போகாமல் வந்தால் ஒரு பேச்சு, இரண்டு தடவை போய்விட்டு வந்தால் பேச்சே இல்லை. 2000-ல் வந்த 'கலாட்டியா' என்ற உரையாடல் விளையாட்டில் ஒரே ஒரு பாத்திரம்தான். அதற்கு முன் என்ன பேசினோம் என்பதைப் பொறுத்து அவள் வேறு வேறு ஆளாக விரிவாள். அதை விளையாடிய நாளிலிருந்து சித்தி மாதிரி ஒருத்தியை எழுத ஆசைப்பட்டிருந்தேன்.

கோபத்துக்கும் இப்போது எண் இல்லை, காலம்தான் இருக்கிறது. 'டர்ன்ஸ் சின்ஸ்' என்றொரு வசதி. ஒரு இடத்தை விட்டு வந்து எத்தனை தேர்வுகள் கழிந்தன என்று சொல்லும். அத்தை வைத்த சோற்றைத் தொடாமல் எழுந்து போனால் அடுத்த எட்டுத் தேர்வுகளுக்கு அவள் முகம் கொடுக்க மாட்டாள். பெரியப்பாவுக்கு இரண்டே தேர்வில் கோபம் தணிந்துவிடும், ஆனால் வார்த்தை மாறாது. 40-க்கும் 70-க்கும் இடையில் ஒரு வருடம் தேடியது இந்த இரண்டு வரியில் கிடைத்தது.

குறை என்று பார்த்தால், இங்க்குக்கு ஆட்கள் கிடையாது, இடங்கள்தான் உண்டு. நாம் ஒரு முடிச்சுக்குப் போகிறவரை அங்கே இருப்பவர் அசையாமல் நிற்பார். 1983-ல் வந்த, இன்ஃபோகாம் நிறுவனத்தின் 'பிளானட்ஃபால்' விளையாட்டில் ஃபிளாய்ட் என்ற ரோபோ கூடவே வரும், கேட்காமலே பேசும், நாம் விளையாட்டைச் சேமித்து வைத்தால்கூட ஏதோ ஆபத்தான காரியம் செய்யப் போகிறோமா என்று உற்சாகப்படும். விளையாடியவர்கள் இன்றும் அதை மறக்காமல் இருப்பதற்கு அது கூப்பிடாமல் வந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படி ஒருத்தி வேண்டியிருந்தது. சின்னப் பெண்ணுக்காகத் தனியாக ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு தடவை எழுதி வேண்டிய இடத்திலெல்லாம் கூப்பிடும் துண்டு, எழுதி, எல்லா முடிச்சின் தலையிலும் அதைக் கூப்பிட்டேன். இப்போது அவள் கதவோரம் நிற்கிறாள், நடுவில் கேள்வி கேட்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புதிதாக ஒரு முடிச்சு எழுதி அந்த வரியை மறந்தால் அவள் அந்த அறையில் இல்லாமல் போகிறாள். இன்னும் மறக்கிறேன்.

இனி தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் உள்ள சங்கடம். கதைக்குள் தமிழ் தாராளமாக எழுதலாம். முடிச்சுக்கும் மாறிக்கும் தமிழில் பெயர் வைக்க முடியாது. கிரேக்கம், சிரிலிக், அரபி, ஹீப்ரு எழுத்துகளில் வைக்கலாம், தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. மூன்று வருடமாக என் அத்தையை ஆங்கில எழுத்தில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். சின்ன விஷயம்தான். ஆனால் ஒவ்வொரு ராத்திரியும் கண்ணில் படுகிறது.

பெயரை மாறியாக வைத்து வாக்கியத்தில் செருகும் வசதியும் நமக்கு அப்படியே உதவாது. பெரியப்பாவை, சித்தியை, கணக்குப்பிள்ளையிடம், அத்தைக்கு என்று ஒவ்வொரு பெயரும் வேற்றுமையில் ஒவ்வொரு விதமாக நெகிழ்கிறது. நடுவில் வகரமோ யகரமோ வந்து உட்கார்கிறது. ஐந்து பேருக்கு ஐந்து உருபுகள் என்று இருபத்தைந்து வரியில் ஒரு ஃபங்ஷன் எழுதி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் தருகிறேன்.

ஆனால் நான் எதிர்பார்க்காத பெரிய சந்தோஷமும் தமிழால்தான் வந்தது. இந்த வகைக் கதையில் வாசகரை நேரடியாக விளித்துத்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். தமிழில் அதை எழுத உட்கார்ந்த முதல் நிமிஷமே 'நீ'யா 'நீங்கள்' ஆ என்று முடிவெடுக்க வேண்டும். 'நீங்கள் முற்றத்துக்கு வருகிறீர்கள்' என்று எழுதினால் அரசாங்க அறிவிப்பு மாதிரி இருந்தது. 'நீ முற்றத்துக்கு வருகிறாய்' என்று மாற்றினேன். அப்போதுதான் கேள்வி எழுந்தது: இந்தப் பையனை 'நீ' என்று சொல்ல உரிமையுள்ள இந்தக் குரல் யாருடையது? இரண்டு நாள் யோசித்தேன். தாத்தா. இறந்து கிடக்கிற தாத்தாதான் பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டு கூடவே நடக்கிறார்.

அது தெரிந்ததும் எல்லா வினைமுற்றும் மாறியது. வீடே மரியாதை கொடுக்கும் பெரியப்பா, தாத்தாவுக்கு மகன். 'உன் பெரியப்பன் எழுந்து நிற்கிறான்.' அத்தை அவருக்கு மகள், 'அழுகிறாள்'. கணக்குப்பிள்ளை மட்டும் கடைசிவரை 'வருகிறார், உட்காருகிறார்'. சொந்தப் பிள்ளைக்கு இல்லாத 'ஆர்' கணக்குப்பிள்ளைக்கு இருக்கிறது என்பதை ஒரு வாசகி கவனித்து, அந்த ஒரு விகுதியை வைத்தே சாவி எங்கே இருக்கும் என்று ஊகித்துவிட்டாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி.

சரி, பதினோரு ராத்திரி எதற்கு என்று சொல்கிறேன். அதே வாசகிதான் கேட்டாள், "ஏன் பேரன்? பேத்தி வரக்கூடாதா?" என் சொந்தத் தாத்தா வீட்டுக்கு நான் பேத்தியாகத்தான் போனேன். கதையில் ஏன் பையனை அனுப்பினேன்? பையன் என்றால் சாவியைக் கேட்பது சுலபமாக இருந்தது, அதனால்தான். அது உறைத்தது. ஆரம்பத்திலேயே வாசகர் பேரனா பேத்தியா என்று தேர்ந்தெடுக்கட்டும் என்று முடிவு செய்தேன். இதற்கு ஒரு மாறி போதும் என்றுதான் நினைத்தேன். 'நீ வருகிறாய்' என்பதில் ஆண் பெண் பேதமே இல்லையே. 'தம்பி' வரும் இடத்தில் 'பாப்பா', 'அண்ணா' வரும் இடத்தில் 'அக்கா'. ஒரு ராத்திரியில் முடிந்தது.

விளையாடிப் பார்த்தபோது பொய்யாக இருந்தது. பேத்தி வந்து பீரோ சாவியைக் கேட்டால் பெரியப்பா "இப்ப அதுதான் முக்கியமா?" என்று கேட்க மாட்டார். "உனக்கெதுக்கு அது?" என்பார். அத்தை சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டாள், கரண்டியைக் கையில் கொடுப்பாள். கணக்குப்பிள்ளை தகவலைச் சொல்வதற்கு முன் வாசலைப் பார்ப்பார். சின்னப் பெண் "எதுக்கு?" என்று கேட்காமல் கையைப் பிடித்துக் கூட்டிப்போவாள். யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து எல்லோரும் வேறு ஆட்களாக ஆகிறார்கள். நான் மூன்று வருடமாக அத்தையின் சுபாவம், பெரியப்பாவின் சுபாவம் என்று எழுதி வைத்தது எல்லாம், அவர்கள் ஒரு பையனிடம் எப்படி இருப்பார்கள் என்பது மட்டும்தான்.

அதை இங்க் தாங்கவில்லை. சொல்லப்போனால் எந்தக் கருவியும் தாங்குமா என்று தெரியவில்லை, ஆனால் என் கையில் இருப்பது இதுதான், கோபம் இதன் மேல்தான் வருகிறது. எந்த முடிச்சுக்கு எத்தனை தடவை போனேன் என்று எண்ணத் தெரிந்த கருவிக்கு, போனது யார் என்று கேட்கத் தெரியவில்லை. ஒவ்வொரு மாற்று வரியையும் இரண்டாகப் பிளந்து, அடைப்புக்குள் அடைப்பு, அதற்குள் இன்னொரு அடைப்பு. எது எங்கே மூடுகிறது என்று கண் வலிக்கப் பார்க்கிறேன். நேற்று ஓர் அடைப்பை விட்டதில் அத்தை தொடங்கி அடுத்த நாலு பக்கமும் பிழையாகக் காட்டியது.

அதனால் தோழிக்குச் சொல்வது: அந்த நாலு முறைகள் மாதிரி ஆட்களைப் பிரித்துக் கொடுக்கிற வேறொன்றை நான் பார்த்ததில்லை, இதை விட்டு வேறெதற்கும் போகவும் மாட்டேன். ஆனாலும் இந்த வருடம் நீ இதைத் தொடாதே. முதலில் ஒரு நோட்டில் ஒரே கேள்வியை எழுது. அதைப் பையன் கேட்டால், பெண் கேட்டால், வேலைக்காரர் கேட்டால் உன் பாத்திரங்கள் என்ன சொல்வார்கள் என்று எழுதி முடி. அப்புறம் வா, அந்த வேற்றுமை ஃபங்ஷனைத் தருகிறேன், முடிச்சுகளை நானே உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.

எனக்கு இன்னும் ஒருவர் பாக்கி. பேத்தி முற்றத்துக்கு வருகிறாள். தாத்தா அவளையும் 'நீ' என்றுதான் கூப்பிடுகிறார். சாவியைப் பற்றி அவளிடம் என்ன சொல்வார் என்பதை இன்னும் எழுதவில்லை, அந்த முடிச்சு காலியாக இருக்கிறது.