இழுப்பு இருக்குற பிளேயருக்கு எது சரி: சிரப்பா, ஊசியா, பஃப்பா?

தை பொறந்தா நம்ம டெல்டால சம்பா அறுவடையும் பொங்கல் கபடி டோர்னமெண்ட்டும் ஒண்ணா வந்துடும். பகல் பூரா மிஷின் ஓடி நெல்லு சுனையும் வைக்கோல் தூசியும் காத்துல நிக்கும், ராத்திரி லைட்ட போட்டு ஆட்டம் ஆரம்பிக்கறப்ப பனி இறங்கிடும், ஆஸ்துமா இருக்குற பையனுக்கு இதவிட கஷ்டமான சீசன் கெடையாது. மருந்து என்ன எடுக்கறதுன்னு கேட்டா மெடிக்கல்ல ஒண்ணு சொல்லுவாங்க, வீட்ல ஒண்ணு சொல்லுவாங்க, கோச் ஒண்ணு சொல்லுவாரு. தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் பசங்க வழக்கமா எடுக்கறது எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்துடலாம். என் முடிவ முதல்லயே சொல்லிடறேன், பஃப்தான் (வாயில வெச்சு இழுக்குற இன்ஹேலர்), அதுலயும் ஸ்டீராய்டு கலந்த பஃப்.

மொதல்ல ஏன் ஓடுனா இழுக்குது? வேகமா ஆடுறப்ப வாய் வழியா நெறைய காத்து உள்ள போகுது, அது மூச்சுக்குழாயோட ஈரத்த இழுத்துடுது, குழாய் காஞ்சு சுருங்குது. இதுல ஒரு விஷயம் நெறைய பேரு கவனிக்கறதில்ல: ஆடிக்கிட்டு இருக்கறப்ப விட, நிறுத்தி அஞ்சு பத்து நிமிஷத்துல தான் இழுப்பு ஏறும். ரெய்டு நல்லா போயிட்டு வந்த பையன் வெளில உக்காந்ததும் முட்டியில கைய ஊணிக்கிட்டு குனிஞ்சு விசில் மாதிரி மூச்சு விடுவான். ஸ்டாமினா இல்லன்னு இன்னும் ரெண்டு ரவுண்டு ஓட விடுவாங்க, அத பாத்தா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும்.

இப்ப சிரப்பும் மாத்திரையும். வீட்ல பயமில்லாம குடுக்கறது இதத்தான், "பம்ப் அடிச்சா பழகிடும், சிரப்பு ஒண்ணும் பண்ணாது"ன்னு. உண்மை அப்படியே தலைகீழ். ஆஸ்தாலின், அதாவது சால்பியூட்டமால் மருந்து, பஃப்பா ஒரு தடவை அடிச்சா 100 மைக்ரோகிராம், நேரா நுரையீரலுக்கு போயி சில நிமிஷத்துல வேலைய காட்டும். அதே மருந்து மாத்திரையா 4 மில்லிகிராம், அதாவது 40 பஃப்போட எடை, வயித்துல எறங்கி ரத்தத்துல கலந்து ஒடம்பு பூரா சுத்திட்டு தான் மூச்சுக்குழாய்க்கு வரும். கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு எல்லாம் அதனால தான்.

அதோட ஊக்கமருந்து டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு. சால்பியூட்டமால் வாய் வழியா மாத்திரையாவோ சிரப்பாவோ எடுத்தா உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான வாடாவோட விதிப்படி எப்பவுமே தடை. இருமல் சிரப்பு பலதுல இருக்குற டெர்பியூட்டலினும் தடை, முன் அனுமதி இல்லாம எடுக்க முடியாது. பஃப்பா எடுத்தா சால்பியூட்டமாலுக்கு 24 மணி நேரத்துல 1600 மைக்ரோகிராம் வரைக்கும் அனுமதி, அதுலயும் எந்த 8 மணி நேரத்துலயும் 600ஐ தாண்டக்கூடாது, அதாவது 6 பஃப். நேஷனல்ஸ் வரைக்கும் போகணும்னு கனவோட ஆடுற பையன் இருமலுக்கு குடிச்ச சிரப்புல மாட்டிக்கிட்டா என்ன கொடுமை, யோசிச்சு பாருங்க.

ஊசி கதையும் அதே தான். மூச்சு முட்டுதுன்னு போனா டெக்ஸாங்கற ஸ்டீராய்டு ஊசிய போட்டு அனுப்புற வழக்கம் இருக்கு, சட்டுனு சரியாயிடும், அதனால அதுதான் பவர்னு நெனப்போம். 2022லேர்ந்து ஸ்டீராய்டு ஊசி எந்த இடத்துல போட்டாலும் போட்டி நேரத்துல தடை, ஸ்டீராய்டு மாத்திரையும் அப்படித்தான். பஃப்ல உள்ள ஸ்டீராய்ட அனுமதிச்ச அளவுக்குள்ள எடுத்தா தடை இல்ல.

மாண்டெலுகாஸ்ட் மாத்திரைக்கு தடை கெடையாது, தும்மல் சளியோட இருக்குறவங்களுக்கு கொஞ்சம் கை குடுக்கும், ஆனா தூக்கம் கெடறது, மனசு சரியில்லாம போறதுன்னு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020ல கடுமையான எச்சரிக்கை போட்டிருக்கு, டாக்டர் சொல்லாம தொடாதீங்க. ஆடாதோடை கஷாயம் சளிய எளக்கலாம், ஆனா இழுப்பு ஏறிக்கிட்டு இருக்கறப்ப அது போதாது.

சரி, வெறும் ஆஸ்தாலின், ஸ்டீராய்டு கலந்தது, இந்த ரெண்டு பஃப்ல எது? ஆஸ்தாலின் ஆட்டத்துக்கு கால் மணி முன்னாடி ரெண்டு அடிச்சா ரெண்டுலேர்ந்து நாலு மணி நேரம் தாங்கும், வெலையும் கம்மி. ஆனா அது சுருங்குன குழாய விரிக்கும், உள்ள இருக்குற வீக்கத்த தொடாது, தினமும் அடிச்சா மருந்தோட வேகமும் கொறஞ்சுடும். அதனாலதான் 12 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு ஆஸ்தாலின் மாதிரி மருந்த மட்டும் தனியா குடுக்க வேணாம்னு உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா 2019ல மாத்திடுச்சு. பியூடெசொனைடுங்கற ஸ்டீராய்டும் குழாய விரிக்கற ஃபார்மோடெராலும் சேந்த பஃப் வீக்கத்தையும் கொறைக்கும், குழாயையும் விரிக்கும், டாக்டர் சொன்னா ஆட்டத்துக்கு முன்னாடியும் அதையே எடுக்கலாம். ஃபார்மோடெராலுக்கும் 24 மணி நேரத்துக்கு 54 மைக்ரோகிராம்னு ஒரு எல்ல இருக்கு. அடிச்சதும் வாய் கொப்பளிச்சுடுங்க. ஒடற்பயிற்சில வர்ற ஆஸ்துமாவோட தான் இங்கிலாந்து ஓட்டக்காரங்க பவுலா ராட்க்ளிஃப் 2003 லண்டன் மாரத்தான 2:15:25ல ஓடுனாங்க, பழகிடும்னு பயப்படுற அம்மாங்க இத தெரிஞ்சுக்கணும்.

எந்த பஃப்பா இருந்தாலும் அடிக்கற விதம் முக்கியம். அடிச்சதும் வாயிலேர்ந்து வெள்ளையா பொக மாதிரி வெளிய வந்தா மருந்து உள்ள போகல. மூச்ச முழுசா வெளிய விட்டு, மெதுவா இழுத்துக்கிட்டே அமுக்கி, 10 செகண்டு தம் கட்டணும், கபடி ஆடுறவனுக்கு தம் கட்ட சொல்லித்தரணுமா என்ன. ஸ்பேஸர் (பஃப்போட மாட்டி இழுக்குற குடுவை) இருந்தா இன்னும் நல்லது. ஆட்டத்துக்கு முன்னாடி நல்லா வார்ம் அப் பண்ணா நெறைய பேருக்கு அந்த ஆட்டத்துல இழுப்பு கொறையும்.

சிலருக்கு ஓடிக்கிட்டு இருக்கறப்பவே தொண்டையில அடைக்கும், மூச்ச உள்ள இழுக்கறப்ப சத்தம் வரும், நிறுத்துன கொஞ்ச நேரத்துல சரியாயிடும். அது குரல்வளை பிரச்சனையா இருக்கலாம், பஃப் கேக்காது, ஒரு தடவ டெஸ்ட் பண்ணி உறுதி பண்ணிக்கோங்க.

ராத்திரி மேட்ச்ல ஒருத்தனுக்கு முத்திடுச்சுன்னா உக்கார வெச்சு ஆஸ்தாலின் 4 பஃப் ஒண்ணொண்ணா ஸ்பேஸர்ல குடுங்க, 4 நிமிஷம் பாருங்க, கேக்கலன்னா இன்னொரு 4. அதுக்கும் கேக்கலன்னாலோ, ஒரு வார்த்த முழுசா பேச முடியலன்னாலோ, ஒதடு நீலமானாலோ உடனே 108க்கு அடிச்சு ஜிஎச்சுக்கு கெளம்புங்க, அங்க ஊசி போட்டா போட்டுக்கட்டும், அவசரத்துக்கு எடுத்ததுக்கு டிஸ்சார்ஜ் பேப்பரோட அப்புறமா நம்ம நாட்டு ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான நாடாகிட்ட அனுமதி கேக்க வழி இருக்கு.