மோரிஸ் மைனர் முன் சஸ்பென்ஷன்: எந்தச் சத்தத்துக்குப் பயப்படலாம், எதை விட்டுவிடலாம்

மோரிஸ் மைனர் 1000 என்ற பழைய பிரிட்டிஷ் கார் ஒன்றைப் பல வருடங்களாக ஓட்டுகிறேன். எஞ்சின் பெரிதாகத் தொந்தரவு தந்ததில்லை. என்னை வேலை வாங்கியதெல்லாம் முன் சஸ்பென்ஷன்தான். அதில் வரும் சத்தங்களைப் பற்றி ஒரு விஷயம் உறுதியாகச் சொல்வேன்: அதிகம் கத்துகிற பாகம் அனேகமாக ஆபத்தில்லாதது. கவனிக்க வேண்டிய பாகம் கடைசிவரை வாயே திறக்காது.

கார் வடிவமைப்பாளர் அலெக் இஸிகோனிஸின் கைவண்ணத்தில் 1948-ல் அறிமுகமான மோரிஸ் மைனரின் பிந்தைய வடிவம் இது. முன்பக்கம் காயில் ஸ்பிரிங் கிடையாது. வண்டியின் நீளவாக்கில் போகும் டார்ஷன் பார் என்ற இரும்புக் கம்பி முறுக்கிக்கொண்டு எடையைத் தாங்குகிறது. ஷாக் அப்சார்பர் லீவர் வகை. அதன் கையே மேல் ஆர்மாகவும் வேலை செய்கிறது. பால் ஜாயின்ட்டும் இல்லை. ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரம் எந்தத் தண்டை அச்சாக வைத்துத் திரும்புகிறதோ, அதுதான் கிங்பின். அதன் மேல் முனையிலும் கீழ் முனையிலும் மரை வெட்டியிருக்கும், அவை டிரன்னியன்கள் என்ற உலோக இணைப்புகளுக்குள் திருகி நிற்கும். வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பார் இல்லாததால், அதை இணைக்கும் லிங்க் ராடும் இல்லை. அதனால் இன்றைய கார்களுக்குச் சொல்லும் 'முதலில் லிங்க் ராடைப் பார்' என்ற அறிவுரை இங்கே செல்லாது.

சத்தம் எங்கிருந்து கேட்கிறது என்று தேடினால் ஏமாந்துபோவோம். பாடி இரும்பு அதைக் கடத்திக்கொண்டு போய்விடும், இடது பக்கக் கோளாறு வலது காலடியில் கேட்கும். எப்போது வருகிறது என்று பாருங்கள். பிரேக் போடும்போதா, சின்னப் பள்ளத்திலா, நின்ற இடத்தில் ஸ்டியரிங் திருப்பும்போதா? பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

பிரேக் மிதித்ததும் ஒரு 'டொக்', விட்டதும் இன்னொன்று என்றால், லோயர் ஆர்மிலிருந்து (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் கை) முன்னால் போகும் டை ராட் என்ற கம்பியின் ரப்பர் புஷ்ஷைச் (இரும்பும் இரும்பும் உரசாமல் இடையே இருக்கும் ரப்பர் வளையம்) சந்தேகிக்கலாம். ஆனால் பிரேக் ஷூ தன் இடத்தில் நகர்ந்து உட்காரும்போதும் இதே மாதிரிதான் கேட்கும். பிரித்தறிய வழி உண்டு. ரிவர்ஸ் எடுத்த பிறகு முன்னால் போய் நாலைந்து தடவை பிரேக் போடுங்கள். முதல் தடவை மட்டும் வந்து அப்புறம் நின்றால் ஷூ. ஒவ்வொரு தடவையும் வந்தால் புஷ்.

மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் கடகடவென்று அடித்தால் பெரும்பாலும் லோயர் ஆர்மின் உள்பக்க ஐ போல்ட் (முனையில் வளையம் உள்ள போல்ட்) புஷ்தான். ரப்பர் தேய்ந்து இரும்பும் இரும்பும் முட்டிக்கொள்ளும். வண்டியே கழன்று விழப்போகிறதோ என்று நினைக்க வைக்கும் சத்தம், ஆனால் மலிவான வேலை. புது புஷ் போட்ட கையோடு, சக்கரம் தொங்கும் நிலையிலேயே நட்டை முழுதாக இறுக்கும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. அப்படி இறுக்கினால் வண்டியைக் கீழே இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரம் கிழியும். வண்டி தன் எடையில் தரையில் நிற்கும் உயரத்துக்கு வந்த பிறகே கடைசி இறுக்கு.

இதே சத்தத்தை ஷாக் அப்சார்பரும் தரும். அதைப் பிடித்து நிறுத்தும் போல்ட்டுகள் தளர்ந்தால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் 'டக்' என்று அடிக்கும். ஒருவர் ஃபெண்டரை அமுக்கி அமுக்கி விட, நீங்கள் ஷாக் அப்சார்பர் உடம்பின் மேல் உள்ளங்கையை வையுங்கள். காதுக்குக் குழப்பமாக இருப்பது கைக்குத் தெளிவாகத் தெரியும். ஆயில் குறைந்திருந்தால் ஷாக் அப்சார்பரின் லீவர் கை முதலில் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் நகரும், பிறகுதான் இறுகும். ஆயில் ஊற்றுமுன் ஊற்றும் துளையின் பிளக்கைச் சுற்றித் துடைத்துவிடுங்கள், உள்ளே மண் போனால் வால்வு போச்சு. டெலஸ்கோப்பிக் ஷாக் அப்சார்பருக்கு மாற்றும் கிட்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். முன்பக்கத்தில் பெரும்பாலும் பழைய லீவர் கை மேல் இணைப்பாக அப்படியேதான் இருக்கும். அதன் தேய்மானமும் கூடவே இருக்கும்.

கிரீச் சத்தத்துக்கு ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் போதும். ஒவ்வொரு புஷ்ஷாக நனைத்துவிட்டு வண்டியை ஆட்டுங்கள், எதை நனைத்ததும் சத்தம் அடங்குகிறதோ அதுதான். பாலியூரிதேன் புஷ் போட்டுப் பார்த்திருக்கிறேன். உழைக்கும், ஆனால் சிலிக்கான் கிரீஸ் இல்லாமல் பூட்டினால் கத்தித் தீர்க்கும். ரப்பர் புஷ்ஷில் சாதாரண கிரீஸோ எஞ்சின் ஆயிலோ படவே கூடாது, ரப்பர் ஊதிப்போகும். சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப 'டிக் டிக்' என்றால் ஹப் கேப்பைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். வளைவில் மட்டும் ரீங்காரம் கூடினால் வீல் பேரிங்.

இனி, அந்த வாய் திறக்காத பாகம்: டிரன்னியன். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரை சுழல்கிறது, முக்கியமான சுமை கீழ் டிரன்னியனில். கிரீஸ் காய்ந்து தண்ணீர் புகுந்தால் மரை துருப்பிடித்துத் தேயும். அதிகபட்சம், நின்ற இடத்தில் திருப்பும்போது ஒரு மெல்லிய முனகல், ஸ்டியரிங்கில் கொஞ்சம் கனம், வளைவு முடிந்தபின் தானாகத் திரும்பாத சோம்பல். அவ்வளவுதான் எச்சரிக்கை. மரை முழுக்கத் தேய்ந்தால் கிங்பின் டிரன்னியனைவிட்டு உருவிக்கொண்டு வந்து, சக்கரம் மடங்கி, வண்டி மூக்கு தரையில் உட்காரும்.

சோதிக்கும் முறை: ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, டயரை மேலும் கீழும் பிடித்து அசைக்க வேண்டும். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்கவில்லை என்றால் கிங்பின் பக்கம். அப்போது ஒரு விரலைக் கிங்பின்னும் டிரன்னியனும் சேரும் இடுக்கில் குறுக்காக வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவுகூட விரல் நுனியில் தட்டும்.

சக்கரத்தில் எடை இல்லாதபோது கிரீஸ் அடித்தால்தான் மரைக்குள் ஒழுங்காக ஏறும். 1,000 மைலுக்கு ஒருமுறை அடிக்கிறேன். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி, புதியதன் நிறம் தெரியும்வரை விடுவதில்லை. துரு நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் சிறு முனை) ஏற்காமல் பக்கவாட்டில் வழிந்தால், அதைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் 'அடித்தாயிற்று' என்று கணக்கில் எழுதாதீர்கள். கிங்பின்னோ டிரன்னியனோ புதிதாக வாங்குவதானால் பக்கம் சொல்லி வாங்குங்கள்: ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை.

இப்போது என் வண்டியில் மிச்சம் ஒரே ஒரு சத்தம். கரடுமுரடான ரோட்டில் ஸ்டியரிங் ரேக்கிலிருந்து (சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு) வரும் லேசான சடசடப்பு. ரேக்கை அழுத்திப் பிடிக்கும் டாம்பர் பேட் தேய்ந்திருக்கிறது. அதன் மூடிக்கு அடியில் உள்ள ஷிம்களில் (மெல்லிய தகடுகள்) ஒன்றை எடுத்தால் அடங்கும். அளவுக்கு மேல் எடுத்தால் ஸ்டியரிங் இறுகிவிடும் என்பதால், அதை மட்டும் அவசரமில்லாமல் ஒரு நாள் செய்வேன்.