ஒரு லேப்டாப், இரண்டு மானிட்டர்: ஹப் போதுமா, டாக் வேண்டுமா?

ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறவனுக்கு மாதத்தில் ஒரு வாரம்தான் உண்மையான வாரம். 14ஆம் தேதி 2பி, அதாவது சரக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியல், வந்து நிற்கும். 20ஆம் தேதிக்குள் 3பி என்ற மாதக் கணக்கு போயாக வேண்டும். நடுவில் சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக்காரர், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்காரர் என்று பில் கட்டோடு ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். ஒரு திரையில் டேலி, இன்னொன்றில் 2பி எக்செல், லேப்டாப்பின் சொந்தத் திரையில் வாட்ஸ்அப்பில் வந்த பில் போட்டோ. மூன்றும் ஒரே நேரத்தில் கண்ணில் படாவிட்டால் ஆல்ட்-டேப் தட்டியே விரல் தேய்ந்துவிடும்.

ஆகவே ஃபேர்லேண்ட்ஸ் அலுவலகத்தில் எனக்கு இரண்டு மானிட்டர். ஆனால் லேப்டாப் அங்கேயே கிடப்பதில்லை. ராத்திரி வீட்டுக்கு வரும். மாதம் இரண்டு முறையாவது ஏற்காட்டில் மாமனார் வீட்டுக்கு என்னோடு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறும். தினமும் பிடுங்கி, தினமும் சொருகுகிற பிழைப்பு. மற்ற கம்பிகளையெல்லாம் தன்னில் மாட்டி வைத்துக்கொண்டு லேப்டாப்புக்கு ஒரே கம்பி நீட்டுகிற பெட்டி, டாக் என்ற சாமான், என் வாழ்க்கையில் நுழைந்தது இதனால்தான்.

நுழைவதற்கு முன்னால் ஒரு தண்டச் செலவு. இரண்டு மானிட்டர் மாட்ட வேண்டும் என்று ஒரு கடையில் சொன்னேன். கடைப் பெயர் எதற்கு, விடுங்கள். எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டரை எடுத்துக் கொடுத்தார்கள். கொண்டுவந்து மாட்டினால் இரண்டு மானிட்டரிலும் ஒரே டேலி, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஸ்ப்ளிட்டர் ஒரே படத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டும், அவ்வளவுதான். கல்யாண மண்டபத்தில் நாலு டிவியில் மேடையைக் காட்ட அது சரி. நமக்கு வேண்டியது இரண்டு தனித்தனிப் படம்.

அதற்கு நாலு வழி இருக்கிறது. விலை ஏறுகிற வரிசையில் பார்த்தால்: லேப்டாப்பின் சொந்த எச்டிஎம்ஐயோடு, ஒரு ஓட்டையைப் பலவாக்கும் சின்ன டைப்-சி ஹப்; எம்எஸ்டி வகை டாக்; டிஸ்ப்ளேலிங்க் டாக்; தண்டர்போல்ட் டாக். பெட்டியைப் பார்த்தால் நாலும் ஒரே ஜாடை. உள்ளே வேலை செய்யும் விதம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது.

எதை வாங்குவது என்று முடிவு செய்வது உங்கள் பட்ஜெட் அல்ல, லேப்டாப்பின் ஓரத்தில் இருக்கும் அந்த நீள்வட்ட ஓட்டை. டைப்-சி என்பது ஓட்டையின் வடிவத்துக்குப் பெயர், அவ்வளவே. அதன் வழியாகப் படம் வருமா என்பது வேறு கேள்வி. பக்கத்தில் மின்னல் கோடு இருந்தால் தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பு. 'டி'யும் 'பி'யும் பின்னிய மாதிரி குறி இருந்தால் டிஸ்ப்ளே போர்ட், அதாவது மானிட்டருக்கான படம், வெளியே வரும். பேட்டரிப் படம் மட்டும் இருந்தால் சார்ஜ் ஏறும் என்பதற்குத்தான் உத்தரவாதம். ஒன்றுமே இல்லாவிட்டால் மாடல் எண்ணைப் போட்டு விவரக் குறிப்பைப் படியுங்கள். டிஸ்ப்ளே போர்ட் ஆல்ட் மோட் என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் இரண்டு வழியும் அடைபட்டது என்று அர்த்தம்.

சரி, இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டைப்-சி கம்பிக்குள் அதிவேகத் தடம் நாலு. சாதாரண ஹப் இரண்டு தடத்தைப் படத்துக்கும், மீதி இரண்டை பென் டிரைவ் வகையறாவுக்கும் ஒதுக்கிவிடும். டிஸ்ப்ளே போர்ட் 1.2 கணக்கில் இரண்டு தடத்தில் போகக்கூடியது நொடிக்கு 8.64 ஜிகாபிட் தகவல். 1920×1080 திரை ஒன்றுக்கு, நொடிக்கு 60 தடவை புதுப்பித்தால், மூன்றிலிருந்து மூன்றரை ஜிகாபிட் ஆகும். இரண்டு திரை தாராளமாகப் போகும். ஆனால் அதைப்போல நாலு மடங்கு புள்ளி கொண்ட ஒரு 4கே திரைக்கு 60இல் பன்னிரண்டுக்கு மேல் வேண்டும். போகாது. அதனால்தான் பல ஹப்களின் அட்டையில் "4கே" என்று கொட்டை எழுத்திலும் "30 ஹெர்ட்ஸ்" என்று எறும்பு எழுத்திலும் போட்டிருக்கிறார்கள். 30இல் மவுஸ் அம்பை இழுத்துப் பாருங்கள், சகதியில் இழுப்பது போல இருக்கும். எண்களைப் பார்த்து உட்காரும் வேலைக்கு அது தலைவலி.

என் மாதிரி 1080 மானிட்டர் வைத்திருப்பவருக்கு முதல் வழி, அதாவது சொந்த எச்டிஎம்ஐயில் ஒன்று, ஹப்பில் ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு போதும். நான் கொடுத்தது இரண்டாயிரத்துக்கும் கீழே. டிரைவர் வேண்டாம், தனி அடாப்டர் வேண்டாம். குறை என்னவென்றால் காலையில் எச்டிஎம்ஐ, ஹப், சார்ஜர் என்று மூன்று கம்பி. சாயங்காலம் மறுபடி மூன்று. எட்டு மாதத்தில் என் லேப்டாப்பின் எச்டிஎம்ஐ ஓட்டை ஆட ஆரம்பித்தது. லேசாகத் தட்டினால் திரை போய்த் திரும்பி வரும். தினமும் பிடுங்காதவர், லேப்டாப்பை ஒரே மேஜையில் வைத்திருப்பவர், இதற்கு மேல் ஒரு ரூபாய் செலவு செய்யத் தேவையில்லை. டாக் விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

எம்எஸ்டி டாக் அந்த மூன்று கம்பியை ஒன்றாக்குகிறது. 2010இல் வந்த டிஸ்ப்ளே போர்ட் 1.2இலேயே இருக்கும் வசதிதான்: ஒரே கம்பியில் இரண்டு மூன்று படத்தை அடுக்கி அனுப்பி, டாக்குக்குள் பிரித்துக் கொடுப்பது. லேப்டாப்பின் கிராஃபிக்ஸ்தான் நேரடியாகப் படம் வரைகிறது, ஆகவே சொந்தத் திரை போலவே இருக்கும். கூடவே சார்ஜ், லேன் கம்பி, பிரின்டர், டிஜிட்டல் கையெழுத்துப் போடும் டிஎஸ்சி டோக்கன் எல்லாம் டாக்கிலேயே குடியிருக்கும். டோக்கனைக் காணோம் என்று 20ஆம் தேதி சாயங்காலம் டிராயரைக் கவிழ்த்துத் தேடியவருக்கு இதன் அருமை தெரியும்.

இதிலும் இரண்டு கண்ணி உண்டு. ஒன்று, கிராஃபிக்ஸின் எல்லை. இன்டெல் எட்டாம் தலைமுறை, பத்தாம் தலைமுறை லேப்டாப்கள் பலவற்றில் மொத்தம் மூன்று திரைதான், லேப்டாப் திரையையும் சேர்த்து. டாக்கில் மூன்று ஓட்டை இருக்கிறதே என்று மூன்றாவது மானிட்டர் வாங்கினால், மூடியைச் சாத்தினால்தான் அது எரியும். இரண்டாவது கண்ணி மேக். மேக்ஓஎஸ் எம்எஸ்டி வழியாகத் திரையை விரித்துக் காட்டாது. இரண்டு மானிட்டரிலும் ஒரே படம். நான் காசு கொடுத்து வாங்கிய ஸ்ப்ளிட்டர் கதைதான் மறுபடியும்.

என் மகளிடம் இருப்பது எம்1 மேக்புக் ஏர். எம்1, எம்2 அடிப்படைச் சில்லுகளில் வெளித்திரை ஒன்றுதான் என்பது அதன் அமைப்பு. எம்3 ஏரில் மூடியைச் சாத்தினால் இரண்டு. எம்4இல் திறந்திருந்தாலும் இரண்டு. அவள் படிப்புக்கு இரண்டு வேண்டும் என்றாள். அப்போதுதான் டிஸ்ப்ளேலிங்க் வீட்டுக்கு வந்தது.

இது குறுக்கு வழி, ஆனால் கெட்டிக்காரக் குறுக்கு வழி. லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் வெளியே ஒரு படம் கூட விடாவிட்டாலும், ஒரு மென்பொருள் உட்கார்ந்து திரையைப் படமாகப் பிடித்து, சுருக்கி, சாதாரண யுஎஸ்பி தகவலாக அனுப்பிவிடும். டாக்குக்குள் இருக்கும் சில்லு அதை விரித்து மானிட்டருக்குக் கொடுக்கும். அதனால் பழைய நீள்சதுர யுஎஸ்பி ஓட்டை கூடப் போதும், படம் வராத டைப்-சியும் போதும். முன்னால் சொன்ன அந்த அடைபட்ட லேப்டாப்காரர்களுக்கு இதுதான் கதவு. எக்செல், டேலி, வேர்டு, பிரவுசர் என்று அசையாத வேலைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் சுருக்குகிற வேலையை லேப்டாப்பின் மூளைதான் செய்ய வேண்டும். வீடியோவை அந்தத் திரைக்கு இழுத்ததும் ஃபேன் சத்தம் எழும்பும். நீளமான பக்கத்தை வேகமாக உருட்டினால் எழுத்து ஒரு நொடி கலங்கித் தெளியும்.

இன்னொன்று வேடிக்கை. மேக்கில் இந்த மென்பொருள் ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுமதி கேட்கும். திரையைப் பிடித்து அனுப்புகிறதே, அதனால். திருட்டுத்தனமாக ஏதோ பதிவு செய்கிறது என்று என் மகள் பயந்துபோய் அனுமதியை நிறுத்தினாள். இரண்டு திரையும் அணைந்தன. அதே காரணத்தால் ஓடிடி படம் போட்டால் சத்தம் வரும், படம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புச் சதுரம். படிக்கிற மேஜைக்கு இது நல்ல குணம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. விண்டோஸ்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: அலுவலக லேப்டாப்பில் மென்பொருள் ஏற்ற உங்களுக்கு அனுமதி இல்லையென்றால், வாங்குவதற்கு முன் ஐடி ஆளிடம் கேட்டுவிடுங்கள்.

தண்டர்போல்ட் பற்றி நான் அதிகம் பேசத் தகுதியில்லாதவன். அது மச்சினன் சொத்து. நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்து வீட்டில் உட்கார்ந்து பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறான். இரண்டு 4கே மானிட்டர். 40 ஜிகாபிட் பாதை. 2020இல் வந்த தண்டர்போல்ட் 4 முத்திரை இருந்தால் இரண்டு 4கே திரை ஓட்டியே ஆக வேண்டும் என்பது விதி. எதிலும் பிசிறு இல்லை. விலைதான் என் முதல் லேப்டாப் விலைக்குப் பக்கத்தில் வருகிறது.

"மாமா, ஒரே கம்பி. போட்டா வருது, எடுத்தா போவுது. இதுக்குத்தான் காசு" என்றான்.

"டேலிக்கு எதுக்கு மாப்ள இது?" என்றேன்.

"டேலிக்கு எதுக்குன்னுதான் நானும் கேக்கறேன். நீங்க எதுக்கு இதைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க?"

அவன் வீட்டில்தான் எந்த அட்டையிலும் எழுதாத விஷயம் தெரிந்தது. ஏற்காட்டில் மழை பிடித்தால் கரன்ட் போகும். தண்டர்போல்ட் டாக்குக்குச் செங்கல் மாதிரி தனி அடாப்டர், அது சுவரில். மானிட்டர் இரண்டும் யுபிஎஸ்ஸில். கரன்ட் போனதும் லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது, மானிட்டர் யுபிஎஸ்ஸில் எரிகிறது, நடுவில் டாக் செத்துக் கிடக்கிறது. லேன் டாக் வழியாக என்பதால் மீட்டிங்கும் போச்சு. கரன்ட் திரும்பி வந்தபோது திறந்திருந்த எல்லாப் பக்கமும் லேப்டாப் திரையில் சீட்டுக்கட்டாகக் குவிந்து கிடந்தன. என் சின்ன ஹப் லேப்டாப்பிலிருந்தே கரன்ட் எடுப்பதால் அதற்கு இந்தத் தொல்லையே கிடையாது. டாக் வாங்குகிறவர்கள் அதையும், மோடத்தையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள். விண்டோஸ் 11இல், டிஸ்ப்ளே அமைப்புக்குள், மானிட்டர் இணைப்பைப் பொறுத்து ஜன்னல்களின் இடத்தை நினைவில் வைக்கும் தேர்வு ஒன்று இருக்கிறது. அது டிக் ஆகியிருந்தால் குவிந்தவை தன்பாட்டில் பழைய இடத்துக்குப் போகும்.

சார்ஜ் கணக்கையும் பார்த்துவிடுங்கள். லேப்டாப்போடு வந்த அடாப்டர் 65 வாட் என்றால், அந்த அளவாவது தருகிற டாக் வேண்டும். ஹப் வழியாகச் சார்ஜ் போட்டால் அது தன் பங்குக்குப் பத்துப் பதினைந்து வாட்டை எடுத்துக்கொண்டுதான் மீதியைக் கொடுக்கும். 180 வாட் அடாப்டர் வைத்த கேமிங் லேப்டாப்பை 100 வாட் டாக்கில் மாட்டி வீடியோ எடிட்டிங் செய்தால், சார்ஜில் இருக்கும்போதே பேட்டரி இறங்கும்.

அப்புறம் கம்பி. ஒருநாள் டாக் கம்பியை வீட்டில் மறந்துவிட்டு, செல்போன் சார்ஜர் கம்பியைச் சொருகினேன். சார்ஜ் ஏறுகிறது, பிரின்டர் ஓடுகிறது, மானிட்டர் மட்டும் இருட்டு. டாக் போய்விட்டது என்று அரை நாள் ஓடியது. போனோடு வரும் டைப்-சி கம்பிகள் பலவற்றில் அந்த நாலு அதிவேகத் தடமே கிடையாது. பழைய யுஎஸ்பி 2 வேகத்துக்கான இழைகளும் சார்ஜும் மட்டும்தான். டாக்கோடு வந்த கம்பியில் இப்போது சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

மவுஸ் திக்கினாலும் டாக்கைத் திட்டாதீர்கள். யுஎஸ்பி 3 ஓட்டைகள் வேலை செய்யும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். ஒயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவரும் அதே அலைவரிசைதான். இதை இன்டெல்லே 2012இல் எழுதி வெளியிட்டிருக்கிறது. ரிசீவரை ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கம்பியில் மாட்டி டாக்கிலிருந்து தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

கடைசியில் யார் எதை வைத்திருக்கிறோம் என்றால்: மகள் டிஸ்ப்ளேலிங்க், மச்சினன் தண்டர்போல்ட், நான் அலுவலகத்தில் எம்எஸ்டி டாக். எனக்கு டிஸ்ப்ளேலிங்கும் ஓடியிருக்கும். ஆனால் டேலி எண்களை நாள் முழுக்க உருட்டுகிறவனுக்கு அந்த ஒரு நொடிக் கலக்கம் கண்ணை உறுத்தியது. பழைய ஹப்பை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எடுத்து வைத்தேன். போன மாதம் 19ஆம் தேதி, ஏற்காட்டில், மழை. "மாமா, அந்தச் சின்ன டப்பா பையில் இருக்குங்களா?" என்று மச்சினன் வந்து நின்றான். இன்னும் அவன் திருப்பித் தரவில்லை.