டர்பன் சாட்ஸ்வொர்த் உயிர்க்கோழிக் கடை: நோட்டுக்கு முழு மதிப்பெண், குழாய்க்குப் பூஜ்யம்

சேவலைத் தூக்கிப் பார்ப்பதற்குள், “பெயர் சொல்லுங்கள் அக்கா, கோழி எந்த வீட்டுக்குப் போகிறது?” என்று நோட்டைத் திறக்கிறார் கடைத் தம்பி. முனீஸ்வரன் படையலுக்குச் சேவல் வாங்க இத்தனை விசாரணையா என்று பின்னால் நின்ற பெரியவர் முணுமுணுத்தார். எனக்கோ அந்த நோட்டுதான் பிடித்தது.

2017 ஜூனில் நம் தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்து வில்லியர்ஸ் பக்கம் ஒரு பண்ணையில் எச்5என்8 பறவைக் காய்ச்சல் உறுதியானதும், உயிர்க்கோழி விற்பனைக்கே அரசு தடை போட்டது. பிறகு நிபந்தனையோடுதான் திறந்துவிட்டது. விற்பவர் பதிவு செய்திருக்க வேண்டும். கோழிக்கு நோயில்லை என்று சான்று வேண்டும். வாங்கியவர் விவரத்தை எழுதிவைக்க வேண்டும். பெரிய பண்ணையென்றால் இரத்தம் எடுக்கவும், தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுக்கவும் ஆள் வரும். முட்டையிட்டு ஓய்ந்த கோழி லாரியேறி, கைமாறி, நம் கொல்லைக்கு வந்துவிட்டால் யார் தேடுவது? நோய் வந்த பண்ணையின் கோழி எந்தெந்தத் தெருவுக்குப் போனது என்பதை இந்த நோட்டுதான் சொல்லும். 2023இல் எச்5, எச்7 என்று இரண்டு வகைப் பறவைக் காய்ச்சலும் சேர்ந்து அடித்து, முட்டையை ஆளுக்கு இத்தனை என்று அளந்து கொடுத்த கூத்து மறந்திருக்காது.

சான்றைக் கேட்டேன். கூண்டுக் கம்பியில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கியதை முகம் சுளிக்காமல் கழற்றிக் கொடுத்தார். தேதி புதியது. சேவலின் கொண்டை நல்ல சிவப்பு. நீலம் பாய்ந்திருந்தால் விலை பாதியானாலும் தொட மாட்டேன். எடைக்கும் குறையில்லை.

ஆனால் அடிக்கூண்டில் வாத்துகளை அடைத்து, அதன்மேல் பெட்டைக்கோழிகளை வைத்திருப்பது என்ன புத்தி? வாத்து இந்தக் கிருமியைச் சுமந்துகொண்டு ஒன்றும் நடக்காததுபோல் திரியும். கோழிதான் பொத்தென்று விழும். கேட்டால், “இடமில்லை அக்கா” என்று சிரிக்கிறார். கை கழுவும் குழாயில் தண்ணீரும் இல்லை. கோழி உரிக்கும் மேசை கூண்டுகளுக்கு ஒட்டினாற்போல் கிடக்கிறது. இறகு காற்றில் பறந்து தீவனத்தில் விழுகிறது. உரித்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். வாத்து இடம் மாறினால் நான்கு. வீட்டில் ஏற்கெனவே கோழி வளர்ப்பவர்கள் வாங்கியதை இரண்டு வாரமாவது தனியே அடைத்து வையுங்கள். சேவல் வேண்டுமென்றால் காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் பெட்டைதான் மிஞ்சும்.