ஹெலிகாப்டர்காரர் செய்த கிட்டார்: பழைய ஓவேஷனோடு சில வருடங்கள்

பழைய அகூஸ்டிக்-எலக்ட்ரிக் கிட்டார் (தானாகவும் ஒலிக்கும், ஆம்ப்ளிஃபையரில், அதாவது ஆம்பில், சொருகியும் வாசிக்கலாம்) என்றதும் பேச்சு உடனே மரத்துக்குப் போய்விடும். மேல்பலகை எந்த ஸ்ப்ரூஸ், முதுகு ரோஸ்வுட்டா மஹோகனியா, எத்தனை வருடம் காய்ந்தது என்றெல்லாம் கேட்பார்கள். என்னிடம் இருக்கும், ஓவேஷன் கம்பெனியின் கஸ்டம் பாலடீர் மாடலுக்கு முதுகில் மரமே கிடையாது. கண்ணாடி இழையையும் ரெசினையும் சேர்த்து அச்சில் வார்த்த, குழிந்த கறுப்பு ஓடுதான் முதுகு. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மனைவி பார்த்துவிட்டு, "என்னங்க இது, அண்டாவைக் கவுத்து வச்ச மாதிரி இருக்கு?" என்றாள். சில வருடங்களாக இதை வாசித்தும் பழுது பார்த்தும் பழகிய பிறகு சொல்கிறேன்: இந்தக் கிட்டாரில் காசு கொடுத்து வாங்க வேண்டிய பகுதி, சேடிலுக்கு (தந்திகள் மேலே படிந்து நிற்கும் சின்னப் பட்டை) அடியில் ஒளிந்திருக்கும் பிக்கப்தான், அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் கருவி. மற்றதெல்லாம் அதைச் சுமக்கும் உடம்பு.

இதன் பூர்வீகம், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நான் குடியிருக்கும் ஹார்ட்ஃபோர்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கனெக்டிகட்டில் 1945-ல் ஹெலிகாப்டர் கம்பெனி தொடங்கிய சார்ல்ஸ் கேமனுக்கு கிட்டார் மேல் தீராத ஆசை. ஹெலிகாப்டரில் அதிர்வு எதிரி. அதை அடக்கவே அவருடைய பொறியாளர்கள் படித்திருந்தார்கள். அதே அறிவைத் திருப்பிப் போட்டு, அதிர்வை எப்படி வளர்ப்பது என்று யோசித்து 1966-ல் முதல் ஓவேஷன் கிட்டாரைக் கொண்டுவந்தார்கள். முதுகு ஓடு வார்க்கும் கலவைக்கு 'லைரகார்டு' என்று பெயர் வைத்தார்கள். நியூ ஹார்ட்ஃபோர்டில் ஒரு பழைய ஆலைக் கட்டடத்தில் தொழிற்சாலை நடந்தது. பாடகர் கிளென் கேம்பல் தன் டிவி நிகழ்ச்சியில் கையில் எடுத்த பிறகு அமெரிக்கா முழுக்க இந்தக் குண்டு முதுகு பிரபலமாகிவிட்டது. ஆறு தந்திக்கும் தனித்தனிப் பீசோ படிகம் (அழுத்தம் மாறினால் மின்சாரம் தருவது) வைத்த பிக்கப்பைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்றதுதான் அவர்களுடைய பெரிய சாதனை. மைக் முன்னால் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை இன்றைக்கு நாம் யோசிப்பதுகூட இல்லை.

என் கைக்கு வந்தது ஒரு எஸ்டேட் சேலில். முதியவர்கள் இருந்த வீட்டைக் காலி செய்யும்போது தட்டுமுட்டுச் சாமான் முதல் கார் வரை விலைச்சீட்டு ஒட்டி வைப்பார்கள் இங்கே. மாடி அறையில் ஹீட்டர் காற்று வரும் திறப்புக்குப் பக்கத்தில், பெட்டிக்குள் கிடந்தது. ஒலித்துளை வழியாகப் பார்த்தால் சீட்டில் மாடல் எண் 1612 தெரிந்தது. ஓவேஷனில் 11 என்று தொடங்கினால் வெறும் அகூஸ்டிக், 16 என்றால் பிக்கப் வைத்தது. தந்தி துருப்பிடித்திருந்தது, பன்னிரண்டாவது பிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தந்திக்கும் பிரெட்டுக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி, மேல்பலகையில் வார்னிஷ் நெடுக வெடிப்புக் கோடுகள். 300 டாலருக்குள் கேட்டார்கள்.

நான் பார்த்தது மூன்றே விஷயம். பிரிட்ஜ் (மேல்பலகையில் ஒட்டிய, தந்திகளைப் பிடிக்கும் கட்டை) பெயர்ந்து, பின்விளிம்புக்கு அடியில் காகிதம் நுழைகிறதா? நுழையவில்லை. கழுத்து முறுக்கிக்கொண்டிருக்கிறதா? இல்லை. மூன்றாவதுதான் முக்கியம்: சேடிலுக்கு அடியில் தகடுகள் மிச்சம் இருக்கின்றனவா? மற்ற கிட்டார்களில் தந்தியைத் தாழ்த்த வேண்டுமானால் சேடில் எலும்பை அடியில் தேய்ப்போம். பழைய ஓவேஷனில் பிக்கப்பும் சேடிலும் ஒரே கட்டு. அதைத் தேய்க்க முடியாது. அதற்குப் பதிலாக அடியில் மெல்லிய தகடுகளை அடுக்கியோ எடுத்தோ உயரத்தை மாற்றுவார்கள். தகடு எல்லாம் ஏற்கெனவே எடுக்கப்பட்டும் தந்தி உயரமாகவே இருந்தால் கழுத்தைக் கழற்றிக் கோணம் மாற்ற வேண்டும். அந்தச் செலவு கிட்டார் விலையைத் தாண்டிவிடும். இதில் டார்ச் அடித்துப் பார்த்ததில் பக்கவாட்டில் தகடுகளின் விளிம்பு தெரிந்தது. பேரம்கூடப் பேசாமல் எடுத்துக்கொண்டேன்.

முதல் வேலை, எந்த வேலையும் செய்யாமல் இருப்பதுதான். இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கிட்டாருக்கு 45 முதல் 55 வரை வேண்டும். காய்ந்து சுருங்கிய பலகையில் பசை போட்டால், கோடைப் புழுக்கத்தில் பலகை விரியும்போது வேறு இடத்தில் பிளக்கும். அதனால் பெட்டிக்குள் ஈரப்பதப் பைகளை வைத்து மூடி, பல வாரம் விட்டுவிட்டேன். பிறகு இருட்டறையில் ஒலித்துளைக்குள் சின்ன விளக்கை இறக்கிப் பார்த்தேன். வெடிப்பு வழியாக வெளிச்சம் கசிந்தால் மரமே பிளந்திருக்கிறது, கசியாவிட்டால் பெரும்பாலும் வார்னிஷ் மட்டும்தான். ஒரே ஒரு இடத்தில், பிரிட்ஜுக்குக் கீழே, மெல்லிய கோடாக வெளிச்சம் தெரிந்தது. அதில் பசையை விரலால் தேய்த்து உள்ளே இறக்கி, உள்பக்கம் தீப்பெட்டி அகலத்துக்கு ஸ்ப்ரூஸ் துண்டுகளை வெடிப்புக்குக் குறுக்கே ஒட்டினேன். மற்ற கோடுகளைத் தொடவில்லை. அவை கண்ணுக்குத்தான் வெடிப்பு, காதுக்கு இல்லை.

இனி கரண்ட் சமாச்சாரம். கேபிளைச் சொருகினால் கரகரவென்ற இரைச்சல், நடுநடுவே சத்தமே இல்லை, மூன்றாவது தந்தி மட்டும் மெலிசு. ஒரு பழுதுபார்க்கும் கடையில் காட்டியதற்கு, பிக்கப் செத்துவிட்டது, ஓட்டின் பக்கவாட்டில் சதுரமாக வெட்டி ஈக்வலைசர் வைத்த புது ப்ரீ-ஆம்ப் (பிக்கப்பின் சிக்னலைப் பெருக்கும் சின்ன மின்சுற்று) மாட்டிவிடலாம் என்றார்கள். ஓட்டில் போட்ட ஓட்டை போட்டதுதான். மரம் என்றாலாவது ஒட்டுப் போடலாம். வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

எலக்ட்ரானிக்ஸ் வேலை தெரிந்த திருநெல்வேலி நண்பர் ஒருவர் இருக்கிறார். சால்டரிங் அயர்னோடு வந்து உட்கார்ந்தவர் பத்து நிமிஷத்தில் சொன்னார்: "அண்ணே, பிக்கப்புக்கு ஒண்ணும் ஆகல. குமிழும் சாக்கெட்டும்தான் பிரச்சினை. இதைப் போய் செத்துப்போச்சுன்னா சொன்னாங்க?" இந்த மாடலில் வெளியே தெரிவது ஒரே ஒரு வால்யூம் குமிழ். அதற்குப் பின்னால் சின்ன ப்ரீ-ஆம்ப், உள்ளே 9 வோல்ட் பாட்டரி. அந்தப் பழைய பாட்டரி ஒழுகி, கிளிப்பில் பச்சை பூத்திருந்தது. கிளிப்பை மாற்றினோம். குமிழுக்குள் கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பலமுறை திருகியதும் கரகரப்பு போயிற்று. சாக்கெட்டில் கிரவுண்டு ஒயர் ஒரே ஒரு நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்தது, புதிதாகப் பற்றவைத்தார். மெலிந்த மூன்றாவது தந்திக்குக் காரணம் இன்னும் எளிது. பீசோ என்பது அழுத்தம் மாறும்போது மின்னழுத்தம் தரும் படிகம். அடித்தளம் சமமாக இல்லாவிட்டால் ஒரு படிகத்தில் சுமை குறையும், அந்தத் தந்தி மட்டும் உள்ளே போய்விடும். தகடுகளுக்கு நடுவே சேர்ந்திருந்த பிசுக்கைத் துடைத்து, இரண்டு தகடுகளை எடுத்துவிட்டுத் திரும்ப உட்கார வைத்ததும் ஆறும் ஒரே அளவில் ஒலித்தன. சேடிலை எவ்வளவு இறக்குகிறோமோ அதில் பாதிதான் பன்னிரண்டாவது பிரெட்டில் இறங்கும். அந்தக் கணக்குப்படி இப்போது 2.5 மில்லிமீட்டரில் நிற்கிறது. உதிரி பாகச் செலவு ஒரு செட் தந்தி விலைகூட ஆகவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு கிட்டார் எப்படி? கேபிள் இல்லாமல் வாசித்தால் சுமார் ரகம்தான். அடித்தொண்டைச் சத்தம் குறைவு, நடுப்பகுதி தூக்கலாக இருக்கும். இதே விலைக்கு நல்ல மரக் கிட்டார் இதைவிட இனிமையாக ஒலிக்கும், அதில் சந்தேகமில்லை. உட்கார்ந்து வாசித்தால் முதுகு தொடையில் நிற்காமல் வழுக்கும். வார் மாட்டினால்தான் சரி. இது ஓவேஷன் வைத்திருக்கும் எல்லாரும் சொல்லும் குறை, பழகவே பழகாது.

ஆம்பில் சொருகினால் வேறு ஆள். இங்கே தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் மேடை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் டிரம்ஸ், இன்னொரு பக்கம் கீபோர்டு, மானிட்டர் ஸ்பீக்கர் நம் காலடியில். என் மரக் கிட்டார் அந்த இடத்தில் 'ஊ' என்று ஊளையிடும். இதில் அந்தத் தொல்லை வெகு குறைவு, ஆர்ப்பெஜியோவில் (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டும்போது) ஒவ்வொரு சுரமும் தனியாகக் கேட்கும். பீசோவுக்கே உரிய பிளாஸ்டிக் சத்தம், ஓங்கி அடிக்கும்போது வரும் அந்த 'க்வாக்', இதிலும் உண்டு. ஆனால் இப்போது வரும் பல மலிவான சேடில் பிக்கப்புகளைவிட இது கனமாக, உருண்டையாக ஒலிக்கிறது.

அன்றாடப் பராமரிப்பில் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். பிரிட்ஜில் பின் கிடையாது, தந்தியைப் பின்பக்கத் துளை வழியாகக் கோர்த்து இழுத்தால் போதும், மாற்றுவது சுலபம். பாட்டரி மாற்றத்தான் ஒலித்துளைக்குள் கையை விட வேண்டும். தந்திகளைத் தளர்த்தாமல் என் கை போகாது. அதனால் கேபிளை எப்போதும் உருவி வைக்கிறேன், சொருகியே விட்டால் பாட்டரி தீர்ந்துவிடும். ஓடு குளிருக்கும் வெயிலுக்கும் அசையவில்லை, மேல்பலகை மட்டும் எல்லா மரத்தையும் போலத்தான். டிசம்பர் வந்தால் பெட்டிக்குள் ஈரப்பதப் பை கட்டாயம். ஒட்டிய வெடிப்பு இதுவரை திறக்கவில்லை.

நியூ ஹார்ட்ஃபோர்டு தொழிற்சாலை 2014-ல் ஒருமுறை மூடப்பட்டது, ஆனாலும் 70-களின் பாலடீர்கள் இந்த ஊர்ப் பக்கம் இன்னும் அடிக்கடி விற்பனைக்கு வருகின்றன. வீட்டு வரவேற்பறையில் தனியாக வாசிக்க ஒன்று தேடுகிறவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். மேடையில் வாசிப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். பார்க்கப் போகும்போது கையோடு ஒரு புது 9 வோல்ட் பாட்டரி, கேபிள், சின்ன ஆம்ப் மூன்றையும் எடுத்துப் போங்கள். சொருகிப் பார்த்து ஆறு தந்தியும் ஏதோ ஒரு அளவிலாவது சத்தம் கொடுத்தால், கரகரப்பைக் காரணம் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லலாம்.