சுகர் வருமான்னு சொல்ற ஜீன் டெஸ்ட் கிட்: பச்சை முள்ள நம்பி நான் டெஸ்ட்டைத் தள்ளிப் போட்டேன்

ரெண்டாவது பிரசவத்தப்போ எனக்கு சுகர் வந்துச்சு. 26-வது வாரத்துல கண்டுபிடிச்சாங்க, கடைசி ரெண்டு மாசம் இன்சுலின் போட்டுக்கிட்டேன், பாப்பா பொறந்ததும் ஊசிய நிறுத்திட்டாங்க. ஆனா பின்னாடி நிரந்தரமா வந்துருமோங்கிற பயம் மட்டும் போகல, அம்மாவுக்கும் இருக்கு. அந்த பயத்துலதான் இந்த கிட்டை ஆர்டர் பண்ணேன். கம்பெனி பேர் போடல.

அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாம குடிக்காம இருந்துட்டு டியூப்ல கோடு வரைக்கும் எச்சில் துப்பணும், நுரையக் கணக்குல சேக்கக் கூடாது. நான் பால் குடுத்துட்டு இருந்த நேரம், வாய் வறண்டு போய் அந்தக் கோட்டத் தொடவே கால் மணி நேரம் ஆயிடுச்சு. பேக்கிங், அனுப்புற வேலை எதுலயும் குறை இல்ல. நாலு வாரத்துல ரிப்போர்ட் மெயில்ல வந்துச்சு.

மொத பக்கத்துல ஒரு மீட்டர், முள்ளு பச்சைல நிக்குது, கீழ "சராசரி ரிஸ்க்". பாத்ததும் அழுதுட்டேன்.

உள்ள விளக்கம் நல்லாதான் இருக்கு. டிசிஎஃப்7எல்2ன்னு ஒரு ஜீன், சுகரோட இதுக்கு சம்பந்தம் இருக்குன்னு 2006-ல கண்டுபிடிச்சாங்க, நெறைய பேர்கிட்ட இருக்குற ஜீன் மாறுதல்கள்ல டைப் 2 சுகரோட ரொம்ப பலமா சம்பந்தப்பட்டது இதுதான். அந்த மாறுதல் ஒரு காப்பி இருந்தா ரிஸ்க் கிட்டத்தட்ட 1.4 மடங்கு, எனக்கு ஒரு காப்பி இருக்கு. அப்புறம் எம்டிஎன்ஆர்1பி, தூக்கத்தோட சம்பந்தப்பட்ட மெலட்டோனின் ஹார்மோன் போய் ஒட்டுற ரிசெப்டருக்கான ஜீன், இது கர்ப்பகால சுகர்லயும் வருது. இந்த மாதிரி ஜீன்கள் பலதும் கணையம் இன்சுலின் சுரக்குறதத்தான் பாதிக்குதாம். கர்ப்பத்துல நஞ்சுக்கொடியோட ஹார்மோன் இன்சுலின வேலை செய்ய விடாது, கணையம் கூடுதலா சுரந்து ஈடுகட்டணும், அது முடியாதவங்களுக்கு சுகர் ஏறிடுது. எனக்கு ஏன் வந்துச்சுன்னு இவ்ளோ தெளிவா யாரும் சொன்னதில்ல, அதுக்கு நன்றி.

ஆனா இதே கம்பெனி ஃபார்ம்ல வயசு கேட்டாங்க, எடை கேட்டாங்க, குடும்பத்துல யாருக்கு சுகர்னு கேட்டாங்க, கர்ப்பத்துல உங்களுக்கு சுகர் இருந்துச்சான்னு மட்டும் கேக்கவே இல்ல. அது வந்த பொண்ணுங்களுக்கு பின்னாடி டைப் 2 வர்ற ரிஸ்க் வராதவங்கள விட 7-ல இருந்து 10 மடங்கு. 1.4 எங்க, 10 எங்க. அதக் கணக்குல எடுக்காம பச்சைல முள்ளு வெச்சா அது எப்படி என்னோட ரிப்போர்ட் ஆகும்? கடைசி பக்கத்துல பொடி எழுத்துல இன்னொண்ணு, இந்த ஸ்கோர் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி ஆளுங்களோட டேட்டால போட்டதாம், மத்தவங்களுக்கு அவ்ளோ சரியா வராதாம். இத மொத பக்கத்துல போட்டுருக்கணும்.

பிரசவம் முடிஞ்சு 4-ல இருந்து 12 வாரத்துக்குள்ள 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு டெஸ்ட் எடுக்கணும். நான் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டு இருந்தேன், பச்சை முள்ளப் பாத்தப்புறம் அடியோட விட்டுட்டேன். பாப்பாவுக்கு ஊசி போடப் போனப்ப நர்ஸ் கேட்டாங்க, "குளுக்கோஸ் குடிச்சு டெஸ்ட் எடுத்தியாம்மா?" "ஜீன் டெஸ்ட்ல சராசரின்னு வந்துருக்கு சிஸ்டர்"னு சொன்னேன். "அது பொறக்கும்போதே வந்ததும்மா, இப்ப ரத்தத்துல என்ன இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"னாங்க.

அடுத்த வாரமே எடுத்தேன். வெறும் வயித்துல 96, நார்மல். ரெண்டு மணி நேரம் கழிச்சு 168. 140-க்குள்ள இருக்கணும், 200 தொட்டா சுகர். நடுவுல மாட்டிருக்கேன். வெறும் வயித்து டெஸ்ட் மட்டும் எடுத்திருந்தா இதுவும் தெரிஞ்சிருக்காது.

டாக்டர் சொன்னதுல ஒண்ணு தெம்பா இருந்துச்சு, அமெரிக்காவுல பண்ண ஒரு பெரிய ஆய்வுல என் நிலைமைல இருந்த பொண்ணுங்களுக்கு உடற்பயிற்சி, எடை குறைப்புனால சுகர் வர்றது கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சுதாம், மெட்ஃபார்மின் மாத்திரையும் அதே அளவுக்கு வேலை செஞ்சுதாம். அதனால தினமும் நடக்குறேன், வருஷா வருஷம் டெஸ்ட் எடுக்கணும். ஒல்லியா இருந்து வெறும் வயித்து சுகர் மட்டும் எப்பவும் லேசா கூட இருக்குறவங்களுக்கு ஜிசிகே ஜீன் டெஸ்ட்னு டாக்டரே எழுதுவாங்க, அதுல சிகிச்சையே மாறும். இந்த கிட் அதப் பாக்கல.

கம்பெனிக்கு எழுதினேன், ஃபார்ம்ல அந்த ஒரு கேள்விய சேருங்கன்னு. "பரிசீலிக்கிறோம்"னு பதில் வந்துச்சு. அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார், அதுவும் அந்த விளக்கத்துக்காக.

ரிப்போர்ட் வந்த சந்தோஷத்துல தங்கச்சிக்கும் ஒண்ணு ஆர்டர் போட்டிருந்தேன், அவளுக்கும் போன வருஷம் கர்ப்பத்துல சுகர் இருந்துச்சு. அத கேன்சல் பண்ணிட்டேன். சனிக்கிழமை காலைல அவள வெறும் வயித்தோட லேபுக்குக் கூட்டிட்டுப் போறேன்.