சுருக்கத்தைக் குறைக்கும் வேதிச் சேர்மானங்கள்: ஏழாண்டுப் பயன்பாட்டில் கண்டவை

உலரும்போது சுருங்கி வெடிப்பதைக் குறைக்க, கான்கிரீட் தளங்களுக்கு வேதிச் சேர்மானங்களை ஏழாண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். முதலில் ஏமாந்தது, குறைந்த நீரிலேயே கலவையை இளக்கி ஓடச் செய்யும் சூப்பர் பிளாஸ்டிசைசரை நம்பித்தான். சுருக்கம் குறையும் என்று எண்ணி அதைச் சேர்த்த முதல் தளத்தில், தண்ணீரைக் குறைக்காமல், கலவை நன்றாக ஓடுகிறதே என்று மகிழ்ந்து அப்படியே ஊற்றிவிட்டோம். மூன்றாம் மாதத்தில் கட்டத்துக்குக் கட்டம் நடுவே மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தது. அந்தச் சேர்மானம் மிச்சப்படுத்தித் தரும் தண்ணீரைக் கலவையிலிருந்து உண்மையிலேயே விலக்கினால்தான் பலன் உண்டு. சேர்மானம் இட்ட கான்கிரீட், இடாததைவிட 35 விழுக்காடு வரை கூடுதலாகச் சுருங்குவதை வேதிச் சேர்மானங்களுக்கான அமெரிக்கத் தரநிர்ணயமான ஏஎஸ்டிஎம் சி494-ஏ அனுமதிக்கிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். கால்சியம் குளோரைடு விரைவாக இறுகச் செய்தாலும் உலர் சுருக்கத்தைக் கூட்டும், கம்பியையும் அரிக்கும் என்பதால் அதைத் தொடுவதேயில்லை.

சுருக்கம் குறைப்பதற்கென்றே வரும் சேர்மானம் வேறு வகை. கான்கிரீட் உலரும்போது நுண்துளைகளில் எஞ்சிய நீரின் பரப்பு இழுவிசை துளைச் சுவர்களை உள்நோக்கி இழுக்கிறது. கிளைக்கால் வகையைச் சேர்ந்த இந்தத் திரவம் அந்த இழுவிசையைத் தளர்த்துகிறது. சிமெண்டின் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு சேர்த்தும் சேர்க்காமலும் பட்டகங்களை வார்த்து, இரு முனைகளிலும் எஃகுக் குமிழ் பதித்து, டயல் கேஜில் (நுண்ணிய நீள மாற்றத்தை முள்ளால் காட்டும் கருவி) மாதந்தோறும் அளந்தோம். 250 மி.மீ. அளவு நீளத்தில் 0.05 விழுக்காடு சுருக்கம் என்பது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான். வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. அதுவே 6 மீட்டர் தளக்கட்டத்தில் 3 மி.மீ. ஆகிவிடும். முதல் மாதத்தில் இரண்டு பட்டகங்களுக்கும் இடையே வேறுபாடு மிகத் தெளிவாக இருந்தது. ஓராண்டு கழித்து அது சற்றே குறைந்ததே தவிர மறையவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். இறுகுவது தாமதமாவதால் மேற்பரப்பைத் தேய்க்கும் ஆட்கள் காத்திருக்க நேர்கிறது, வலிமை சிறிது இறங்குகிறது, காற்றுக் குமிழி ஏற்றும் சேர்மானத்துடன் சேர்ந்தால் காற்றளவு நிலையாக நிற்பதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது நீராற்றல், அதாவது ஊற்றிய கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பது. திரவம் சேர்த்தாயிற்றே என்று ஒரு கட்டத்துக்கு ஈரச்சாக்கு போடாமல் விட்டதில், காற்று பலமாக வீசிய அன்று மாலைக்குள்ளேயே மேற்பரப்பில் விரல் நீள வெடிப்புகள் தோன்றின. நீர்–சிமெண்ட் விகிதம் 0.35 அளவுக்கு இறங்கும் கலவைகளில் கவனம் இன்னும் கூட வேண்டும், ஏனெனில் வெளியே நீர் ஆவியாகாவிட்டாலும் நீரேற்ற வினையே உள்ளிருக்கும் நீரை உறிஞ்சிக்கொள்வதால் அவை தாமாகவே சுருங்குகின்றன.

விலை கூடுதல் என்பதால் வெடிப்பை அறவே பொறுக்க முடியாத தளங்களுக்கு மட்டும் இதை இன்றும் வாங்குகிறேன். ஆனால் இதை நம்பி வெடிப்பைக் கட்டுப்படுத்தத் தளத்தில் அறுத்துவிடும் வெட்டு இணைப்புகளின் இடைவெளியை இதுவரை கூட்டியதில்லை.